அச்சுப் பிசகாமல் ஒத்துப்போன தெரு

என் நாத்தனாரைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை எழுதப் போகிறேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரரே நம்பமாட்டார். இத்தனைக்கும் அவருடைய சொந்த அக்காதான். கீழ்வீட்டில் அவர், மாடியில் நாங்கள். ஒரே வாசல், ஒரே தண்ணீர்த்தொட்டி, துணி காயப்போட ஒரே கொடி. இதெல்லாம் போதாது என்று ஒரே ஆபீஸ் வேறு. காலையில் கொடியில் இடம் பிடிப்பதற்காக முட்டிக்கொள்வோம். கொஞ்ச நேரத்தில் அதே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவோம். முறைக்கு நான் அவரை அண்ணி என்று கூப்பிடுகிறேன். தெருவெல்லாம் அவருக்குக் கிண்ணக்காரம்மா என்று பெயர்.

அண்ணியின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார். பையன் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அதனால் அண்ணிக்கு நேரம் நிறைய. அந்த நேரம் முழுவதையும் அவர் அடுத்தவர்களை நெட்டித் தள்ளிக் காரியம் சாதிப்பதில் செலவழிப்பார். பிடித்த பிடியை விடமாட்டார். எங்கள் தெருமுனை விளக்கு எரியவில்லை என்று மின்சார ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி நாளைக்குப் பார்க்கலாம் என்றார். மறுநாள் அண்ணி சாப்பாட்டு டப்பாவுடன் போய் அவருடைய மேஜைக்கு நேர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. மூன்றாவது நாள் அந்த மனிதர் தன் டப்பாவைத் திறக்கும்போது எதிரே அண்ணியும் டப்பாவைத் திறப்பதைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டை மூடி வைத்து ஏணியோடு ஆளை அனுப்பினார். 

எங்கள் ஆபீஸ் ஓர் ஆய்வு நிலையம். மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அதிலிருந்து உடம்புக்கு இரும்புச்சத்து எவ்வளவு போகிறது, புரதம் எவ்வளவு போகிறது என்று கண்டுபிடிப்பது வேலை. முக்கியமாகப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்கு. ஒவ்வொருவருடைய தட்டுக்குப் பின்னாலும் நின்று பார்க்க முடியுமா? அதனால் ஒரு கேள்வித்தாள். போன மாதம் முட்டை எத்தனை தடவை சாப்பிட்டீர்கள், கீரை எத்தனை தடவை, ஒரு தடவைக்கு எந்தக் கிண்ணம் அளவு என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. கேட்டு வருவது அண்ணி மாதிரி களப்பணியாளர்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது நான்.

அண்ணியின் பையில் எப்போதும் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று கிண்ணம், இரண்டு கரண்டி, ஒரு டம்ளர் இருக்கும். எந்த அளவு என்று ஜனங்கள் தொட்டுக் காட்டுவதற்காக. பாத்திரம் விற்க வந்திருக்கிறார் என்று நினைத்து ஒரு பெரியவர் மூன்று கிண்ணத்துக்கும் சேர்த்து விலை கேட்டு, கட்டாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாராம்.

இந்தக் கேள்வித்தாளை நம்பித்தான் அடுத்து பெரிய ஆய்வு நடக்கப் போகிறது. யாருக்கு மாத்திரை தரவேண்டும், எந்தப் பகுதிக்கு உணவு உதவி போகவேண்டும் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். தாளே கோணலாக இருந்தால் எல்லாம் கோணலாகப் போகும். அதனால் முதலில் தாளுக்குப் பரீட்சை. வழி சுலபம். ஒரே ஆளிடம் ஒரு தடவை கேட்பது. ஒரு மாதம் விட்டு அதே கேள்விகளை மறுபடி கேட்பது. இரண்டு பதிலும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்குப் போட்டால் ஓர் எண் வரும். ஒன்றுமே ஒத்துப்போகவில்லை என்றால் பூஜ்யம், அப்படியே ஒத்துப்போனால் ஒன்று. இந்தக் கணக்கைப் போடுகிறவர் ஒல்லியாக, உயரமாக ஒரு மனிதர். எதைச் சொன்னாலும் புள்ளி வைத்துச் சொல்வதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் தசமப்புள்ளி. எல்லாருக்கும் மேலே டாக்டரம்மா.

முதல் சுற்று நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது சுற்றில்தான் களப்பணியாளர்கள் படாதபாடு பட்டார்கள். போன மாதமே சொல்லியாகிவிட்டதே, காது கேட்கவில்லையா என்று ஜனங்கள் எரிந்து விழுந்தார்கள். சிலர் கதவையே திறக்கவில்லை. அண்ணிக்குக் கொடுத்திருந்தது தண்ணீர்க் குழாயடித் தெரு. சலூன்காரர், தையல்காரர், பழைய இரும்பு வாங்குகிறவர், தள்ளுவண்டிக்காரர் என்று அன்றாடம் உழைக்கிற ஜனங்கள். அண்ணி மட்டும் ஒரு வீடு பாக்கியில்லாமல் முடித்துவிட்டுச் சிரித்த முகமாகத் திரும்பி வந்தார். நான் வாயைப் பிடுங்கிப் பார்த்தேன். பேசவேண்டிய விதமாகப் பேசினால் எல்லாரும் கேட்பார்கள் என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

எண் வெளிவந்த அன்றைக்கு எங்கள் இருவரையும் டாக்டரம்மா அறைக்குக் கூப்பிட்டார்கள். மற்ற தெருக்களுக்கெல்லாம் எண் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்திருந்தது. அது நல்ல எண்தான்; மனிதர்களுடைய ஞாபகம் அவ்வளவுதான் பிடிக்கும் என்று தசமப்புள்ளி சொன்னார். குழாயடித் தெருவுக்கு மட்டும் ஒன்றை ஒட்டி வந்திருந்தது. அச்சுப் பிசகாமல் அதே பதில். போன மாதம் இரண்டு கிண்ணம் பருப்பு என்றவர் இந்த மாதமும் இரண்டு கிண்ணம். இடையில் மாம்பழம் வந்து போயிருக்கிறது, மழை வந்திருக்கிறது, காய்கறி விலை ஏறி இறங்கியிருக்கிறது. குழாயடித் தெருவில் மட்டும் ஒரு வாய் கூடவில்லை, குறையவில்லை.

தசமப்புள்ளி கெட்ட மனிதர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டேதான் பேசினார். உயிரோடு இருக்கிற மனிதர்களிடம் கேட்டால் இப்படி வராது, பழைய தாளைப் பார்த்து எழுதினால்தான் வரும் என்றார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "நீங்களும் அவங்களும் ஒரே வீடா?" என்று கேட்டார். பழைய தாள் இருப்பது என்னிடம். புதுத்தாள் எழுதியவர் என் நாத்தனார். உலகத்தில் எந்த நாத்தனாரும் தம்பி மனைவியும் இப்படி ஒற்றுமையாகத் திருட்டு வேலை பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அண்ணி என் கையை அழுத்தினார்.

"நான் ஒவ்வொரு வீட்டுக்கும் போனேன். ஒவ்வொரு கேள்வியையும் கேட்டேன்," என்றார் அண்ணி. "ஏன் இப்படி வந்திருக்குன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்."

திங்கட்கிழமைக்குள் விளக்கம் வரவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். வராவிட்டால் வேலை போகும். வேலையோடு போனால்கூடப் பரவாயில்லை. பொய்யாக எழுதியவர் என்று பெயர் கெட்டுப்போனால் எந்த ஆய்விலும் வாசல்படி ஏற முடியாது. அண்ணிக்கு இந்த வேலை மேல் உயிர். அதற்கு முன்னால் துணிக்கடையில் மடித்து வைக்கிற வேலை, பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலை எல்லாம் பார்த்தவர். தான் கேட்டுவந்த பதில் ஒன்று யாருக்கோ உபயோகப்படப் போகிறது என்பதில் அவருக்கு அப்படியொரு கர்வம்.

பஸ்ஸில் நான்தான் பொரிந்து தள்ளினேன். அண்ணி பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபடி வந்தார். எங்கள் நிறுத்தத்தில் இறங்கவில்லை. "குழாயடித் தெருவுக்குப் போயிட்டு வரலாம். அவங்களையே வந்து சொல்லச் சொல்றேன்," என்றார். நானும் கூடப் போனேன். என் பெயரும் சேர்ந்தல்லவா கெடப்போகிறது.

முதலில் போனது தையல்காரர் வீட்டுக்கு. வாசல் அறையில் தையல் மெஷின், அதற்குப் பின்னால் ஒரு படுக்கையறை, அப்புறம் சமையலறை. தையல்காரரின் அம்மா பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். மருமகளுக்கு, அதாவது தையல்காரர் மனைவிக்கு, ஐந்தாம் மாதம். வெடவெடவென்று இருந்தாள். எங்களைப் பார்த்ததும் உட்காரப் பலகை போட்டாள். நடந்ததை அண்ணி சொல்லச் சொல்ல அவள் முகம் குழம்பியது.

"ஏன் சந்தேகப்படுறாங்க? நாங்கதான் உங்களைக் காட்டிக் கொடுக்கலையேக்கா," என்றாள். "போன தடவை என்ன சொன்னோமோ அதையேதானே சொன்னோம்?"

"அதையேன்னா?"

"ரெண்டு பதிலும் ஒத்துப்போகுதான்னு ஆபீஸ்ல பாக்குறாங்கன்னு நீங்கதானே குழாயடியில சொன்னீங்க. மாத்திச் சொன்னா உங்களுக்குக் கெட்ட பேரு வரும்ல? அதான் எல்லாரும் சேர்ந்து ஞாபகப்படுத்திக்கிட்டோம்."

அப்புறம் அவள் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அண்ணி இரண்டாம் சுற்றுக்கு வரப்போகிறார் என்று தெரிந்ததும் தெருவே பரீட்சைக்குத் தயாராகியிருக்கிறது. குடம் நிறைகிற நேரத்தில் ஒருவர் பதிலை ஒருவர் ஒப்பித்துப் பார்த்திருக்கிறார்கள். முதல் சுற்றின்போது திண்டாடித் திண்டாடிச் சொன்ன பதில்களை, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த அண்டைவீட்டார் ஞாபகம் வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். சலூன்காரர் நிஜமாகவே வாழைப்பழத்தை விட்டுவிட்டாராம். அதைச் சொல்லப்போன மனிதரை அவர் மனைவி காலால் ஓர் உதை விட, தினமும் ஒன்று என்று மறுபடி சொல்லியிருக்கிறார். அண்ணியின் எதிரிலேயே நடந்த உதை. அவருக்குத் தெரியவில்லை.

எதற்காக மறுபடி கேட்கிறோம் என்று ஜனங்களிடம் சொல்லவே கூடாது என்பது பயிற்சியில் முதல் பாடம். கதவைத் திறக்கவைக்க வேண்டுமே என்ற அவசரத்தில் அண்ணி அதைத்தான் குழாயடியில் நின்று சொல்லியிருக்கிறார். இப்போது தெருவே அவர்மேல் உள்ள பிரியத்தால் அவர் தலையில் கல்லைப் போட்டுவிட்டது.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் எங்கள் வீட்டில் பஞ்சாயத்து. என் வீட்டுக்காரர் வழி சொன்னார். வீட்டுக்கு வந்தார், கேட்டார் என்று நாலு பேர் வந்து சாட்சி சொன்னால் போதும், பொய்யாக எழுதவில்லை என்று ஆகிவிடும். குழாயடியில் சொன்னதைப் பற்றி ஆபீசில் யாரும் கேட்கவில்லை, நாமாக ஏன் வாயைக் கொடுக்கவேண்டும்? எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இன்றைக்கும் கேட்டால் அன்று அதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

அண்ணி தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். "அந்தத் தையல்காரர் வீட்டுப் பொண்ணு கண்ணைப் பாத்தியா?" என்று என்னைக் கேட்டார். "உள்பக்கம் ரத்தமில்லாம வெளுத்துப் போயிருக்கு. அவ தினமும் முட்டை சாப்பிடுறா, வாரத்துல ரெண்டு நாள் கறி சாப்பிடுறான்னு என் கையால எழுதியிருக்கேன். ரெண்டு தடவை எழுதியிருக்கேன். இந்தத் தாள் வெளிய போனா, அவளுக்கு ஒரு குறையும் இல்லைன்னு கம்ப்யூட்டர் சொல்லும். உன் கம்ப்யூட்டர்தான் சொல்லும்."

என் வீட்டுக்காரர், பாதி உண்மையைச் சொன்னாலும் உண்மைதானே என்று முனகினார். அக்கா முறைத்த முறைப்பில் அந்த மனிதர் மேற்கொண்டு சோறு கேட்கவே இல்லை.

திங்கட்கிழமை டாக்டரம்மா அறையில் அண்ணி உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். சொல்லக்கூடாததைச் சொன்னது தான்தான், தெருக்காரர்கள்மேல் தப்பில்லை, கம்ப்யூட்டரில் ஏற்றியவள்மேலும் தப்பில்லை என்றார். குழாயடித் தெருவின் தாள் எல்லாவற்றையும் தள்ளிவிடச் சொன்னார். டாக்டரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒரு சுற்று முழுவதும் வீண், விதி எதற்கு வைத்திருக்கிறோம் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். அண்ணி எதிர்த்துப் பேசவில்லை. கோபம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, "இன்னொன்னு இருக்கு," என்றார். "ரெண்டாவது தடவை ஒப்பிச்சாங்க, சரி. முதல் தடவை சொன்னது மட்டும் நிஜமான்னு எனக்குத் தெரியணும். அந்தத் தெருவுல அவங்க சாப்பிடுறதை எடை போட்டுப் பாக்க விடுங்க."

டாக்டரம்மா பதில் சொல்வதற்குள் தசமப்புள்ளி நிமிர்ந்தார். எடை போட்டுப் பார்ப்பது எப்படியும் செய்யவேண்டிய வேலைதான், அடுத்த மாதம் வேறு தெருவில் செய்வதாக இருந்தது, அதை இங்கேயே செய்யலாம் என்றார். தானும் கூட வருவதாகச் சொன்னார். டாக்டரம்மா கறாராகச் சொன்னார். எடை போடலாம். தாளில் குறை இருந்தால் திருத்தி, மறுபடி இரண்டு சுற்று கேட்கவேண்டும். இந்தத் தடவை குழாயடித் தெருவின் எண் மற்ற தெருக்களை ஒட்டி வராவிட்டால் அண்ணியை வேலையில் வைத்துக்கொள்ள முடியாது. அண்ணி ஒரே வார்த்தையில் சரி என்றார்.

எடை மெஷினோடு அண்ணியும் தசமப்புள்ளியும் குழாயடித் தெருவுக்குப் போன கதையைத் தெருவே இன்னும் பேசுகிறது. சமையலறையில் அந்த உயரத்துக்கு நிற்க முடியாமல் அவர் தரையில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். தட்டில் போடுவதற்கு முன்னால் எடை, சாப்பிட்டு மிச்சம் வைத்ததை மறுபடி எடை. தையல்காரரின் அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முதலில் இந்தத் தம்பியை மெஷினில் ஏற்றுங்கள், காற்றடித்தால் பறந்துவிடுவார் போலிருக்கிறது என்றாராம். அண்ணிக்குத் தன் கண்ணளவின்மேல் நம்பிக்கை அதிகம். பார்த்தே எடை சொல்கிறேன் என்று ஆரம்பித்து, வரிசையாகத் தப்பாகச் சொன்னார். தசமப்புள்ளி சிரிக்காமல் சரியான எண்ணை எழுதிக்கொண்டார். 

முதல் நாள் தெரு முழுக்கக் கறி வாசனை. மெஷின் வருகிறது என்று எல்லா வீட்டிலும் விருந்துச் சமையல். இது நமக்காகச் சமைத்தது, கணக்கில் சேராது என்று அண்ணி சொல்ல, அதற்காகத்தான் தொடர்ந்து பல நாள் போடுகிறோம் என்றார் தசமப்புள்ளி. எத்தனை நாள்தான் விருந்து வைக்க முடியும்? இரண்டு நாளில் தெரு தன் வழக்கமான சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தது.

அப்படி வந்து சேர்ந்த ஒரு மத்தியானம் தையல்காரர் வீட்டில் முட்டை சமைத்திருந்தார்கள். தையல்காரர் தட்டில் ஒன்று. அவருடைய அப்பா தட்டில் ஒன்று. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் டப்பாவில் போனது ஒன்று. கடைசியில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்தபோது சோறும், சட்டியின் அடியில் ஒட்டியிருந்த கொஞ்சம் பருப்பும்தான் மெஷினில் ஏறியது. மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும் அப்படி.

மாமியார் கை கழுவப் போன நேரத்தில் அண்ணி மருமகளிடம் கேட்டார். வழக்கமாகக் கேட்கிற மாதிரி எத்தனை தடவை என்று கேட்கவில்லை. "நேத்து வாங்குன முட்டை யார் யார் தட்டுக்குப் போச்சு, வரிசையா சொல்லும்மா," என்றார்.

அவள் வரிசையாகச் சொன்னாள். மூன்று தட்டு சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"உன் தட்டுக்கு?"

"வரல."

"அப்ப என்கிட்ட தினமும்னு சொன்னியே?"

அவள் பொய்யில் மாட்டிக்கொண்ட மாதிரி விழிக்கவில்லை. அதுதான் அண்ணியை உலுக்கியது. "தினமும் வாங்குறோமேக்கா," என்றாள் சாதாரணமாக. "எங்க வீட்டுல தினமும் முட்டை உண்டு. அதைத்தானே கேட்டீங்க?"

காட்டிக் கொடுக்கக்கூடாது என்று சொன்னதும் இல்லை, மாமியாருக்குப் பயந்து சொன்னதும் இல்லை. வீட்டில் சமைத்தது தான் சாப்பிட்டது என்றுதான் அவள் உண்மையாகவே நினைத்திருக்கிறாள். கை கழுவிவிட்டு வந்த மாமியார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவரை ஒரு பிடி பிடிக்கவேண்டும் என்று அண்ணிக்கு வந்த கோபம், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டதாம். "என் கையாலதான் பரிமாறுறேன்," என்றார் அந்த அம்மா. "இவ தட்டுல இல்லைங்கிறதும் எனக்குத் தெரியல, என் தட்டுல இல்லைங்கிறதும் தெரியல." தசமப்புள்ளி எழுதுவதை நிறுத்திவிட்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே மருமகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ரத்தம் பார்க்கவைத்தார் அண்ணி. ரொம்பக் குறைவாக இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிற பெண்கள், தங்கள் தட்டைச் சொல்லாமல் வீட்டில் சமைத்ததையே சொல்லிவிடுவார்கள் என்று தான் படித்திருப்பதாகவும், இருந்தும் தாளில் அதற்கு இடம் விடாமல் போனது தன் பிசகு என்றும் டாக்டரம்மா சொன்னார். தாள் திருந்தியது. சமைத்தது எத்தனை தடவை என்பது ஒரு கேள்வி, யார் தட்டுக்கு என்ன போனது என்பது இன்னொரு கேள்வி. கேட்கும்போது பக்கத்தில் யாரும் இருக்கக்கூடாது. எதற்காகக் கேட்கிறோம் என்று மூச்சு விடக்கூடாது. அதைச் சொல்லும்போது டாக்டரம்மா அண்ணியை மட்டும் பார்த்தார்.

புதுத்தாளோடு முதல் சுற்று போனது. தையல்காரர் மனைவிக்கு முட்டை பூஜ்யம், பால் பூஜ்யம், கறி மாதத்துக்கு ஒரு தடவை என்று வந்தது. நான்தான் ஏற்றினேன். குழாயடித் தெருவில் பெண்கள் தாளெல்லாம் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து இரண்டாவது சுற்று. குழாயடித் தெருவிலிருந்து அண்ணி மழையில் நனைந்துகொண்டு ஆபீசுக்குள் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தாளை என் மேஜையில் போட்டு, "இதைப் பாரு," என்றார். தையல்காரர் மனைவி: முட்டை தினமும் ஒன்று, அவள் தட்டுக்கு. பால் தினமும் ஒரு டம்ளர், அவளுக்கு. நான் சந்தேகமாக நிமிர்ந்தேன். ஒரு தடவை சூடுபட்டவள் நான். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி, அதே சந்தேகம் தனக்கும் வந்ததாகவும், முன்னால் சொல்லாமல் மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்று பார்த்ததாகவும், மாமியார் தட்டிலும் ஒரு முட்டை இருந்ததாகவும் சொன்னார். மாமியார் இப்போது முதலில் தனக்கும் மருமகளுக்கும் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களைக் கூப்பிடுகிறாராம். அந்தப் பேச்சு குழாயடியில் பரவி, சலூன்காரர் வீட்டிலும் பழைய இரும்புக்காரர் வீட்டிலும் மாறியிருக்கிறது. அண்ணி வாயெல்லாம் பல்லாகச் சொல்லிக்கொண்டே போனார்.

எனக்குத்தான் திக்கென்றது. முதல் சுற்றில் பூஜ்யம், இரண்டாவது சுற்றில் தினமும். இதைவிட ஒத்துப்போகாத பதில் உலகத்தில் உண்டா? ஜனங்கள் மாறிவிட்டார்கள் என்பது கணக்குக்குத் தெரியுமா? எண் அதலபாதாளத்துக்குப் போகும். எண் போனால் அண்ணியின் வேலை போகும். தசமப்புள்ளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் அதையேதான் சொன்னார். தலையைச் சொறிந்துகொண்டு, நடுவில் நாமே போய் மாற்றிவிட்ட வீடுகள் இவை, இவற்றை விலக்கிவிட்டுக் கணக்குப் போடலாம், அதற்கு நியாயம் இருக்கிறது என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"வேண்டாம் சார்," என்றார் அண்ணி. "எனக்கு வேண்டாத வீட்டை எல்லாம் எடுத்துட்டா எண் நல்லா வரும். அப்புறம் நல்லா வந்த எண்ணை யாரு நம்புவா? ஒரு தடவை பாத்தாச்சே. அவங்க என்ன சொன்னாங்களோ அப்படியே ஏத்துங்க. ஏன் மாறிச்சுன்னு கீழ எழுதுறேன். படிக்கிறவங்க படிக்கட்டும்."

நான் ஏற்றினேன். பூஜ்யத்துக்கு எதிரே ஒவ்வொரு முட்டையாக ஏற்றும்போது கோபம் வந்தது. இவ்வளவு பிடிவாதம் ஒரு மனுஷிக்கு எதற்கு? ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ராட்சசி என் நாத்தனார் என்பதில் அன்றைக்கு எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

எண் வந்தது. இருக்கிற தெருக்களிலேயே குழாயடித் தெருவுக்குத்தான் குறைவு. டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவை என்னைக் கூப்பிடவில்லை. நானாகவே போய் அண்ணிக்குப் பக்கத்தில் நின்றேன். டாக்டரம்மா மேஜையில் குழாயடித் தெருத் தாள்கள் பரப்பியிருந்தன. அண்ணியின் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். அதை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எடை போட்ட கணக்கும் இருந்தது. ஒன்றைப் பார்ப்பார், இன்னொன்றைப் பார்ப்பார். எங்களை உட்காரச் சொல்லக்கூட மறந்துவிட்டார்.

படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பொண்ணுக்கு மறுபடி ரத்தம் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. ஏறியிருக்கு," என்றார் அண்ணி.

டாக்டரம்மா தாள்களை ஒன்றுசேர்த்து அடுக்கினார். "போன தடவை நீங்க கொண்டுவந்த எண்ணை நான் நம்பல. உங்களையும் நம்பல. இதை நம்புறேன்," என்றார்.

வேலை போகும் என்று சொன்னபோது அழாத அண்ணி, பொய்க்காரி என்று சொல்லாமல் சொன்னபோது அழாத அண்ணி, அப்போது அழுதார். சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நான் மேஜையிலிருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நாளைக்கு எந்தத் தெரும்மா?" என்று கேட்டார்.